பட்டன் போன்காரனுக்கு யார் சொல்வது

என்னிடம் கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் முதல் நாள் இரண்டு பொருள்களைப் பார்ப்பார்கள். ஒன்று, என் காலடியில் இருக்கும் தனி பிரேக். இன்னொன்று, டேஷ்போர்டின் மேல் நான் வைக்கும் பட்டன் போன். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போனைப் பற்றிக் கேட்காமல் யாரும் இரண்டாவது கியருக்குப் போனதில்லை.

"சார், இதுல என்னதான் சார் வரும்?"

"போன் வரும்," என்பேன். "ரோட்டைப் பாருங்க."

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகைத் திருப்பியதும் சொல்வார்கள். மற்ற வாத்தியார்கள் ஒரு முறை மிதிக்கும் இடத்தில் நான் நாலு முறை மிதிக்கிறேனாம். மிதிக்காமல் என்ன செய்வது? சிக்னலில் சிவப்பு விழுந்ததும் எல்லாத் தலையும் சொல்லி வைத்த மாதிரி மடிக்குக் கவிழ்கிறது. ஒரு பெண், தான் கார் ஓட்டுவதை அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று, ஓடுகிற காரில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். நான் மிதித்த மிதியில் அவளுடைய போன் முன்கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு நான் விட்ட டோஸில் அவள் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். போகட்டும்.

இப்போது எங்கள் ஸ்கூலிலும் எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, யார் வருகிறார்கள் என்பதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு. எனக்கு மட்டும் ஆபீஸில் இருக்கும் பெண் காலையில் வாயால் சொல்வாள். "உங்க ஒருத்தருக்காக நான் தனியா ஒரு டிபார்ட்மென்ட் நடத்துறேன் சார்," என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே இரண்டாம் முறையும் சொல்வாள். நல்ல பெண்.

போனில் எண்கள் எல்லாம் தேய்ந்து போய்விட்டன. ஐந்தின் மேல் இருக்கும் சின்ன மேடு மட்டும் மிச்சம். விரலுக்கு வழி தெரியும் என்பதால் அதில் எனக்குச் சிரமம் இல்லை. ரிவர்ஸ் பழகிய ஒருவர் ஒரு தடவை அதன் மேலேயே டயரை ஏற்றிவிட்டார். மூடி ஒரு பக்கம் போனது, பேட்டரி ஒரு பக்கம் போனது. பொறுக்கி எடுத்துப் பொருத்தி அமுக்கினேன். ஒன்றும் நடக்காதது போல மணி காட்டியது. அந்த மனிதர்தான் பாவம், அன்று முழுவதும் ரிவர்ஸ் போடவே பயந்தார்.

கெட்டியாக உழைக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். அது உண்மை இல்லை. அந்தப் போனை வாங்கிய காலத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நாங்கள் நாலு பேர். பெரியண்ணன், அடுத்து அக்கா, அடுத்து சின்னண்ணன், கடைசியில் நான். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவோமோ என்று பெரியண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு விடுமுறை நாளில் எங்கள் மூன்று பேரையும் கடைக்குக் கூட்டிப்போய் நாலு போன் வாங்கினார். நாலும் ஒரே ரகம், நாலும் கறுப்பு, நாலுக்கும் ஒரே மணிச் சத்தம். அந்தச் சத்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது. நாலு பேரும் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று அடித்தால் நாலு கையும் நாலு பைக்குள் போகும். சின்னண்ணன் ஒரு முறை என் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அன்று முழுக்க அவனுடைய மேனேஜரிடம் நான் திட்டு வாங்கினேன். அவனோ என் ஆட்களுக்குப் போனில் கிளட்ச் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு சைக்கிளே நேராக வராது.

பெரியண்ணன் ஓர் ஏற்பாடும் செய்தார். எந்த விஷயமானாலும் அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா சின்னண்ணனிடம் சொல்வாள், அவன் என்னிடம், நான் மறுபடி பெரியண்ணனிடம். இதற்கு எங்கள் வீட்டில் 'சுற்றுக்கு விடுறது' என்று பெயர். எல்லாருக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அவர் கடைசியில் என்னிடம் சரிபார்ப்பார். ஆனால் புறப்பட்ட விஷயம் புறப்பட்டபடி ஒரு நாளும் வந்து சேர்ந்ததில்லை. வழியில் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும்.

ஒரு தடவை பெரியண்ணனுக்கு முதுகு வலி. டாக்டர் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அக்கா அதைப் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாதாம் என்று ஆக்கினாள். சின்னண்ணன் என்னிடம், முதுகெலும்பில் என்னமோ கோளாறு, அண்ணன் மறைக்கிறார் என்றான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரியண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, மனசைத் தளர விடாதீங்க. ஆபரேஷன் என்னைக்கு?"

"யாருக்குடா?"

"உங்களுக்குத்தான்."

பெரியண்ணன், "எதுக்கும் நீ கிளம்பி வா, எனக்கே இப்ப பயமா இருக்கு," என்றார். போனேன். அக்காவும் வந்திருந்தாள், சின்னண்ணனும் வந்திருந்தான். அண்ணி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். முதுகு வலிக்காரர் எழுந்து உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் வரிசையாகத் திட்டினார். சிரித்துச் சிரித்து அவருக்கு முதுகு இன்னும் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நாள்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நாங்கள் பேசியதெல்லாம் தண்ணீர் வரவில்லை, பூனை குட்டி போட்டது, புதுச் செருப்பு கடிக்கிறது என்கிற அளவில்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒருத்தர் குரல் காதில் விழுந்தது. சின்னண்ணனுக்கு ஜலதோஷம் என்று அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

பிறகு டச் போன் வந்தது. முதலில் கட்சி மாறியது பெரியண்ணன்தான். பின்னாலேயே சின்னண்ணன் போனான். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வாங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரியண்ணன் குடும்பத்துக்கு ஒரு குரூப் ஆரம்பித்தார். அன்றோடு சுற்று நின்றது. என்னையும் வாங்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வாங்கித் தருகிறேன் என்றார்; வாங்கித் தந்தால் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன் என்றேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"இனிமே எல்லாம் குரூப்லதான். இவனுக்கு யாரும் தனியா போன் போட்டுச் சொல்லக் கூடாது. நாலு விஷயம் தெரியாம வீட்டுல உட்கார்ந்திருந்தா தானா வழிக்கு வருவான்," என்று எல்லார் முன்னாலும் உத்தரவு போட்டார். தலைகீழாக நின்றாலும் வாங்குவதில்லை என்று அங்கேயே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்காதான் நடுவில் புகுந்தாள். யாருக்கும் தெரியாமல்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தான் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. ஊரின் அந்தக் கோடியில் அவள் தனியாக இருந்தாள், இந்தக் கோடியில் மாடி அறையில் நான். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை; அதற்காக நானும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்ததும் அக்கா என்னைக் கூப்பிடுவாள்.

"பெரியவர் காதுக்குப் போச்சுன்னா, என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்," என்று ஆரம்பித்து, அன்றைக்குக் குரூப்பில் வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பாள். செய்தி வாசிக்கிற மாதிரி தொனியெல்லாம் இருக்கும். எழுத்து இல்லாததையும் படிப்பாள்.

"உன் சின்னண்ணன் இங்க ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டிருக்கான்."

"சிரிக்குதா, அழுவுதா?"

"ரெண்டும் பண்ணுது. கண்ணுல தண்ணி கொட்டுது, பல்லும் தெரியுது."

"அவனுக்குப் பிரமோஷன் வந்துடுச்சா?"

"அதுக்குத்தான் போலிருக்கு. இரு, கீழே படிக்கிறேன்."

படம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். "பெரியண்ணன் பேத்திடா. முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு, அந்த ஓட்டை வழியா நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறா. பின்னாடி அண்ணி, யார் இப்ப போட்டோ எடுக்கச் சொன்னதுன்னு முறைக்கிறாங்க. கொடியில துணி காயுது. அண்ணனோட கோடு போட்ட சட்டை இன்னும் இருக்குடா."

"அப்பா எடுத்துக் கொடுத்ததா?"

"அதேதான். காலர் கிழிஞ்சிருக்கு. இன்னும் போட்டுக்கிறார் பாரேன்."

பிறகு ஒரு நாள் பெரியண்ணன் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கொடியும் சட்டையும் ஓரத்தில் எங்கேயோ மங்கலாக இருந்தன. அக்கா சொன்னதில் பாதிகூட அதில் இல்லை.

இப்படியாக, எந்த விசேஷத்துக்கும் நான் சரியான நாளில், சரியான நேரத்தில், சரியான இடத்தில் போய் நிற்பேன். யாருக்குக் காய்ச்சல், யார் வீடு மாறினார்கள் என்று எல்லாம் விசாரிப்பேன். பெரியண்ணன் என்னை மேலும் கீழும் பார்ப்பார். சின்னண்ணன் விளையாட்டாக என் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பல வருஷம் இப்படி ஓடியது. போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நடுநடுவே பேச்சு நின்றது.

"டேய், நீயும் ஒரு நல்ல போன் வாங்கித் தொலையேன். நான் இதையெல்லாம் எத்தனை நாளைக்குப் படிச்சுக்கிட்டு இருப்பேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியண்ணன் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இவளுமா?

"கஷ்டமா இருந்தா விடேன். உன்னை யாரு படிக்கச் சொன்னா?"

"கஷ்டம்னு சொன்னேனா?"

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"சரி போ. இனிமே நான் கூப்பிடல."

"கூப்பிடாதே," என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வாய் திறக்கவில்லை. இருக்கட்டும், எத்தனை நாளைக்கு இந்த வீராப்பு என்று பார்க்கிறேன் என்று நினைத்தேன். அவளுடைய வீராப்பைத்தான் சொல்கிறேன். என்னுடையது எனக்கு அப்போது நியாயமாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த நாளும் கூப்பிடவில்லை. போனில் ஏதாவது கோளாறோ என்று ஆபீஸ் பெண்ணை ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன். கணீரென்று அடித்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் காலை எனக்கு முதல் வகுப்பு, தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு. ஐம்பது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொள்ளக் கிளம்பியவர். மூன்றாவது கியர் போடச் சொன்னால், "இதுலயே நல்லாத்தானே சார் போகுது," என்பார். அவரை வேண்டுமென்றே அக்காவின் பள்ளிக்கூடம் இருக்கும் தெரு வழியாக ஓட்டச் சொன்னேன். சும்மா அந்தப் பக்கம் போவோம், அவள் கண்ணில் பட்டால் படட்டும், நானாக ஒன்றும் பேச வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

பள்ளிக்கூட வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும். காரைப் பார்த்ததும் எழுந்து வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"என்ன சார், இங்க நிக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "டீச்சருக்கு நெஞ்சுல அடைப்புன்னு முந்தாநாள் மெயின் ரோடு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்களே சார். இன்னைக்குக் காலையில ஆபரேஷன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

முந்தாநாள் என்றால் நான் மேஜை நடுவில் போனை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த சாயங்காலம். அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தது அப்போதுதான் காதில் கேட்டது. அது அலுப்பு இல்லை. அவளுக்கு மூச்சு போதவில்லை.

"இறங்குங்கம்மா, நான் ஓட்டுறேன்," என்று கதவைத் திறக்கப் பார்த்தேன். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக நான் ஏறி இறங்குகிற கார் அது.

தையல் கடை அம்மா என் கையைப் பார்த்தார். "நீங்க உட்காருங்க சார். உங்களுக்குக் கதவே திறக்க வரல. நானே ஓட்டுறேன்."

"உங்களுக்கு மெயின் ரோடு பழக்கமில்லை."

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க," என்று கியரைப் போட்டார்.

மூன்றாவது கியருக்குப் போனார். நான்காவதும் போட்டார், அதை நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்தார். ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை ஏதோ திட்டினார். என் காலடியில் பிரேக் இருந்தது. நான் அதை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அவளை உள்ளே கொண்டுபோவதற்குள் நான் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். கூப்பிடாதே என்பது அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தையாகிவிடக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, "நீங்க போங்க சார், வண்டியை நான் பார்த்து ஓரமா விட்டுக்கிறேன்," என்றார். அவருக்குப் பார்க்கிங்கும் நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இறங்கி ஓடினேன்.

வரவேற்பில் இருந்த பெண், "வீட்டுக்காரங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும் சார், அதைக் காட்டுங்க, மாடிக்கு அனுப்புறேன்," என்றாள். நான் என் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. "என் அக்காம்மா," என்றேன். அவள் எழுந்து வந்து லிஃப்டைக் காட்டினாள்.

மாடியில் நீளமான நடைவழி. கோடியில் மூடிய இரட்டைக் கதவு, மேலே சிவப்பு விளக்கு. பெஞ்சில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி, மடியில் அக்காவின் கைப்பையை வைத்துக்கொண்டு.

"இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க தம்பி," என்றார் அண்ணி. "நீங்க லிஃப்ட்ல வந்துக்கிட்டு இருந்திருப்பீங்க."

நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியண்ணன் எழுந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"வர இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? முந்தாநாள்லேருந்து போட்டுக்கிட்டு இருக்கேன். வெளியூர்ல இருக்கிற சின்னவன்கூட வேலையைப் போட்டுட்டு ரயில் ஏறிட்டான். ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு நீ எட்டிப் பார்க்கல. ரோஷக்காரன், வந்தா வரட்டும்னு நானும் கூப்பிடல."

"எதுல போட்டீங்க?"

"குரூப்லதான்."

"நான் குரூப்ல இல்லையே அண்ணா."

"நடிக்காதே. எல்லாத்துக்கும் டான்னு வந்து நிப்பியே, அது எப்படி? ரகசியமா ஒரு போன் வாங்கி வச்சுக்கிட்டு, எங்க முன்னாடி மட்டும் இந்த டப்பாவை நீட்டுறேன்னு எங்களுக்குத் தெரியாதா? சின்னவன் பேர்லயே குரூப்புக்குள்ள நுழைஞ்சு நீ பார்க்கிறேன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது ஒண்ணுதான் அண்ணா இருக்கு. அக்காதான் தினம் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுவா. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

பெரியண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்கள் அழிந்த பட்டன்களின் மேல் கட்டை விரலை வைத்து ஓட்டினார்.

அண்ணிதான் மெல்லச் சொன்னார். "அதான் அவ அப்படிச் சொன்னா போலிருக்கு. ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டி, 'கடைக்குட்டிக்குத் தெரியாது, அவனுக்குச் சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போனைக் கொடுன்னு கையை நீட்டினா. நாங்கதான், 'அவனுக்கு எல்லாம் தெரியும், நீ பேசாதே, டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்'னு சொல்லிட்டோம். மயக்கத்துல உளர்றான்னு நினைச்சோம் தம்பி."

பெரியண்ணன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அவருக்கும் என் மேல் வரவில்லை என்று அந்தப் பிடியில் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரம் எவ்வளவு போனது என்று தெரியவில்லை. தையல் கடை அம்மா மேலே வந்து கார் சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். பேத்தி போன் பண்ணினாள், அண்ணி நடையின் கோடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். விளக்கு ஒரு வழியாக அணைந்தது. டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. பயப்பட ஒண்ணுமில்லை. கண் முழிக்கச் சாயங்காலம் ஆகும், அப்புறம் ஒவ்வொருத்தரா பார்க்கலாம்," என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சின்னண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று தன் போனில் தட்ட ஆரம்பித்தார். எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். இதை உடனே சொல்லியாக வேண்டும், சொல்லாமல் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது என்று இருந்தது. கை தானாகப் பைக்குள் போனது. விரல் பார்க்காமலே எண்களை அமுக்கியது. போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மணி போனது.

எனக்குப் பின்னால், அண்ணியின் மடியில் இருந்த கைப்பைக்குள் போன் அடித்தது.

"இந்த நேரத்துல அவளை யாரு கூப்பிடுறது?" என்றார் பெரியண்ணன், தலையைத் தூக்காமல். "யாருன்னு பாரு."

அண்ணி பைக்குள் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தபடி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"தம்பிதான்," என்றார்.

நான் யாரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள் என்பதை அக்காவிடம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன். வேறு யாரிடம் போய் நான் எதைச் சொல்லியிருக்கிறேன்? வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. அண்ணியும் அதை நிறுத்தவில்லை. தானாக ஓயும் வரைக்கும் அது அடித்தது, நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.